உலகத்தை ஒரு சுத்து சுத்தி வர ஃப்ளைட் டிக்கெட்: மொத்தமா போடுறதா, போகப் போக போடுறதா?

நெடுவழி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வேலையை விட்டுட்டு ஒரு பத்து பதினோரு மாசம் உலகத்தை ஒரு முழு சுத்து சுத்திட்டு வரணும்னு ரொம்ப வருஷமா காசு சேர்த்துட்டு இருந்தோம், இப்பத்தான் தேதி குறிக்கிற அளவுக்கு வந்திருக்கோம். போகணும்னு எழுதி வச்சிருக்கிற இடம்: தாய்லாந்து வியட்நாம் பக்கம், ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அப்புறம் தென் அமெரிக்கா (பெரு, பொலிவியா, படகோனியா), அமெரிக்கா, ஐரோப்பா, கடைசியா தென் ஆப்பிரிக்கா.

இதுக்கு டிக்கெட் எப்படி போடுறதுன்னு உட்கார்ந்து பாக்க ஆரம்பிச்சா தலை சுத்துது. ஏர்லைன்ஸ் கூட்டணிங்க விக்கிற அந்த ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்கே அதுல எல்லாத்தையும் ஒரே தடவையா போட்டுடலாமா, இல்ல முதல் ஒன்வே மட்டும் போட்டுட்டு மிச்சத்தை அங்கங்க இருந்து பாத்துக்கலாமா? மொத்தமா போட்டா நடுவுல ஒரு ஊரு புடிச்சுப் போயி பத்து நாள் கூட இருக்கணும்னா முடியுமா? ஒண்ணொண்ணா போட்டா கடைசி நேரத்துல விலை ஏறி நடுவழியில மாட்டிக்குவோமோன்னு மனைவிக்கு பயம். கிழக்கால போறதா மேற்கால போறதான்னும் தெரியல. இந்த மாதிரி பெரிய ட்ரிப் போனவங்க, டிக்கெட் வேலை தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

---

ஜன்னல்சீட்:

வாழ்த்துக்கள் நெடுவழி, நல்ல லிஸ்ட். முதல்ல அந்த ஆர்டிடபிள்யூ (ரவுண்ட் த வேர்ல்ட்) டிக்கெட்டோட விதி என்னன்னு புரிஞ்சுக்கங்க, புரிஞ்சாலே உங்க கேள்வியில பாதி தீர்ந்துடும்.

ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட் ரெண்டு கூட்டணியுமே இதை விக்குது. ரெண்டுக்கும் பொதுவான விதி இதுதான்: அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை தாண்டணும், ஒரே திசையில போகணும், கிளம்பின நாட்டுலயே வந்து முடிக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும், மொத்தம் 16 ஃப்ளைட்டுக்கு மேல கூடாது. இந்த 16ங்கிற கணக்குல டிக்கெட்டோட அமைப்பும் இருக்கு, ஒரு இ-டிக்கெட் நம்பர்ல நாலு கூப்பன்தான் ஏறும் (ஒரு ஃப்ளைட்டுக்கு ஒரு கூப்பன்), அந்த மாதிரி நாலு நம்பரை தொடர்ச்சியா கோத்து குடுப்பாங்க, நாலு நாலு பதினாறு. நீங்க ஒரு ஊர்ல இறங்கி தரை வழியா போயி வேற ஊர்ல இருந்து ஏறினா அந்த இடைவெளியும் 16ல ஒண்ணா எண்ணிடுவாங்க, இது நிறைய பேர் கவனிக்கிறதில்ல.

விலை போடுற விதத்துலதான் ரெண்டும் வேற வேற. ஸ்டார் அலையன்ஸ் மைல் கணக்கு, 29,000, 34,000, 39,000னு படி இருக்கும். ஒன்வேர்ல்ட் எக்ஸ்ப்ளோரர்னு சொல்றது எத்தனை கண்டம் தொடுறீங்கங்கிற கணக்கு, அதுல ஒரு கண்டத்துக்குள்ள நாலு ஃப்ளைட் வரைக்கும், வட அமெரிக்காவுல மட்டும் ஆறு. கண்டக் கணக்குல தூரம் பாக்க மாட்டாங்க, அதனால ஒரு கண்டத்துக்குள்ள முன்ன பின்ன அலையிறவங்களுக்கு அது வசதி.

மைல் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தீரும்னு ஒரு உதாரணம் சொல்றேன். பூமியோட சுற்றளவே கிட்டத்தட்ட 24,900 மைல். லண்டன், சிங்கப்பூர், சிட்னி, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், திரும்ப லண்டன்னு ஒரு சாதாரண சுத்து போட்டாலே சுமார் 24,100 மைல் வந்துடும். இதுல ஆசைப்பட்டு ஜோகன்னஸ்பர்க்கை சேர்த்து லண்டன்ல இருந்து ஃப்ராங்க்ஃபர்ட் வழியா அங்க போயி அப்புறம் சிங்கப்பூர் போனீங்கன்னா 28,500 ஆயிடும். கூடவே சிட்னியில இருந்து ஆக்லாந்து போயி லாஸ் ஏஞ்சல்ஸ் போனா 28,900 கிட்ட. 29,000 முடிஞ்சு போச்சு, இதுக்கு மேல ஒரு ஊர் சேர்த்தாலும் அடுத்த படி விலைதான். ஏதோ ஹப் (ஏர்லைனோட மைய ஏர்போர்ட்) வழியா சுத்தி போற கனெக்ஷனும் அதே மைல்ல கழியும்ங்கிறதை மறக்காதீங்க. கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு வெப்சைட் இருக்கு, ஏர்போர்ட் கோடு மூணெழுத்தை வரிசையா போட்டா மொத்த மைல் காட்டும், அதை வச்சு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வெவ்வேற வழி போட்டுப் பாருங்க.

பத்து நாள் கூட இருக்க முடியுமான்னு கேட்டீங்க. தேதி மாத்துறது பெரும்பாலும் சுலபம், அதே வழி, அந்த டிக்கெட்டுக்கு ஒதுக்கின புக்கிங் கிளாஸ்ல (விலைப் பிரிவுல) சீட் இருக்கணும், அவ்வளவுதான். ஊரை மாத்துனா, வழியை மாத்துனா டிக்கெட்டை மறுபடி கணக்கு போட்டு புதுசா அடிக்கணும், கட்டணமும் உண்டு, வரியும் மாறும். என் கருத்து, பதினோரு மாசம் ஆறு கண்டம்னா உங்களுக்கு ஆர்டிடபிள்யூ கண்டிப்பா பாக்க வேண்டிய ஒண்ணு. பிசினஸ் கிளாஸ்னா யோசிக்காம அதையே எடுத்துடலாம், ஏன்னா பசிபிக் தாண்டுற ஒரு ஒன்வே பிசினஸ் டிக்கெட்டே தனியா வாங்குனா அவ்வளவு விலை. எகானமின்னா ரெண்டு பக்கமும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

---

கைப்பை:

ஜன்னல்சீட் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா எகானமியில போறவங்களுக்கு நான் அதை சொல்ல மாட்டேன். காரணம் சொல்றேன்.

உங்க லிஸ்ட்ல தென் அமெரிக்கா பெருசா இருக்கு. அந்த கண்டத்துல பெரிய ஏர்லைன் லத்தாம், அது 2020 மே மாசம் ஒன்வேர்ல்டை விட்டு வெளிய வந்துடுச்சு. அதனால ஒன்வேர்ல்ட் டிக்கெட்ல சிட்னியில இருந்து சான்டியாகோ க்வாண்டாஸ்ல போயிடலாம், ஆனா அங்க இறங்கினதுக்கப்புறம் படகோனியா, லா பாஸ், லிமா எல்லாம் நீங்க தனியா காசு குடுத்துத்தான் போகணும். ஸ்டார் அலையன்ஸ்ல ஏவியான்காவும் கோப்பாவும் இருக்கு, ஆனா அதெல்லாம் பொகோட்டா, பனாமா பக்கமா வளைச்சு கொண்டு போகும், மைல் கரையும். தென்கிழக்கு ஆசியாவுலயும் இதே கதை, ஏர் ஏசியா, ஸ்கூட் மாதிரி பட்ஜெட் ஏர்லைன் எல்லா ஊருக்கும் போகுது, அதுல எதுவும் உங்க ஆர்டிடபிள்யூல வராது. ஐரோப்பாவுக்குள்ள ரயில் இருக்கு. அப்ப அந்த பெரிய டிக்கெட்ல உங்களுக்கு உண்மையில உபயோகப்படுறது நாலஞ்சு நீள ஃப்ளைட் மட்டும்தான்.

இந்த மாதிரி ட்ரிப்புல விலையை நிர்ணயிக்கிறதே கடல் தாண்டுற அந்த சில ஃப்ளைட்டுங்கதான். அதை மட்டும் முன்னாடியே பாத்து நல்ல விலையில புடிச்சு ஆணி அடிச்ச மாதிரி வச்சுக்கங்க: ஆசியாவுல இருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல இருந்து தென் அமெரிக்கா, அமெரிக்காவுல இருந்து ஐரோப்பா, ஐரோப்பாவுல இருந்து ஆப்பிரிக்கா, அங்கருந்து வீடு. நடுவுல இருக்கிறதெல்லாம் சும்மா விட்டுடுங்க, ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னாடி போட்டாப் போதும். கூகுள் ஃப்ளைட்ஸ்ல தேதி வாரியா விலை கேலண்டர் வரும், ஸ்கைஸ்கேனர்ல எங்க வேணாலும்னு போட்டா விலை குறைஞ்ச ஊரா வரிசை கட்டி காட்டும், அதுல பாத்துட்டு கடைசியில டிக்கெட்டை அந்த ஏர்லைன் சைட்லயே போய் வாங்குங்க. நடுவுல ஒரு ஏஜென்ட் சைட் இருந்தா ஏதாவது கேன்சல் ஆகும்போது ஏர்லைன் அவங்களைக் கேளும்பான், அவங்க ஏர்லைனைக் கேளும்பாங்க, வேற நாட்டுல லக்கேஜோட நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் போன் போட முடியாது.

ஆனா தனித்தனி டிக்கெட்ல ஒரு பெரிய ஆபத்து இருக்கு, அதை கட்டாயம் மனசுல வச்சுக்கங்க. ரெண்டு டிக்கெட் வேற வேற புக்கிங்கா இருந்தா, முதல் ஃப்ளைட் லேட்டாயி ரெண்டாவதை விட்டா ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க வராத பயணி, அவ்வளவுதான். போன ட்ரிப்புல எங்களோட ஒரே ஹாஸ்டல்ல தங்கியிருந்த ஒரு ஜோடிக்கு இது நடந்துச்சு. ரெண்டு ஃப்ளைட்டுக்கு நடுவுல ரெண்டரை மணி நேரம் விட்டிருந்தாங்க, பாக்க நிறைய மாதிரி இருக்கும். முதல் ஃப்ளைட் அம்பது நிமிஷம் லேட், இமிக்ரேஷன் க்யூ, பெல்ட்ல பை வர நேரம், அப்புறம் வேற டெர்மினலுக்கு பஸ், கவுன்டருக்கு ஓடிப் போனா செக்-இன் மூடி கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கு, ஃப்ளைட் இன்னும் கண்ணாடி வழியா தெரியுது, ஆனா ஏத்த மாட்டேன்னுட்டாங்க. அன்னைக்கு விலையில ரெண்டு பேருக்கும் புது டிக்கெட். அதனால தனித்தனி டிக்கெட்னா நடுவுல ஒரு ராத்திரி தங்குற மாதிரி வச்சுக்கங்க, நீள ஃப்ளைட்டுக்கு முன்னாடி கட்டாயம். ஒரே புக்கிங்கா இருந்தா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விடுறது ஏர்லைனோட பொறுப்பு. ஐரோப்பிய யூனியன் விதியில தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரைக்கும் நஷ்டஈடு கிடைக்கும்னு சொல்வாங்களே அதுவும் ஒரே புக்கிங்கா இருந்தாத்தான் கடைசி ஊருக்கு எவ்வளவு லேட்டா வந்தீங்கன்னு பாப்பாங்க.

---

நெடுவழி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. கைப்பை சொன்ன மாதிரி நாலஞ்சு கடல் தாண்டுற ஃப்ளைட்டை மட்டும் புடிச்சு வைக்கிறது எங்களுக்கு ஒத்து வரும்னு தோணுது. ஆனா ஒரு சந்தேகம், எங்க ட்ரிப்பே பதினோரு மாசம், கிளம்புறதுக்கு மூணு மாசம் முன்னாடி உட்கார்ந்து போட்டா கடைசி ஃப்ளைட்டுக்கு டிக்கெட்டே காட்ட மாட்டேங்குதே? அப்புறம் எந்த ஊருக்கு எப்ப போகணும்னு வரிசை போடுறதுலயே எங்களுக்குள்ள முடிவு வரல, நான் முதல்ல தாய்லாந்துங்கிறேன் அவங்க ஜப்பான்ங்கிறாங்க.

---

கார்மேகம்:

நான் டிக்கெட் பத்தி பேசல, வரிசையைப் பத்தி சொல்றேன், ஏன்னா அதை முடிவு பண்ணாம டிக்கெட்டை பாக்கிறதுல அர்த்தமே இல்ல. சீசனை முதல்ல வைங்க, ஃப்ளைட் அது பின்னாடி வரட்டும்.

உங்க லிஸ்ட்டுக்கு அக்டோபர்ல கிளம்புனீங்கன்னா எனக்குத் தெரிஞ்சு எல்லாமே அழகா விழுது. அக்டோபர் நவம்பர் ஜப்பான், நவம்பர்ல கியோட்டோ பக்கம் மேப்பிள் இலை செவந்து நிக்கும். டிசம்பர் தாய்லாந்து, மழை முடிஞ்சிருக்கும் (வியட்நாம் நடுப்பகுதியில மட்டும் அப்பவும் மழை இருக்கலாம், வடக்கு தெற்கு ரெண்டும் பரவால்ல). ஜனவரி ஆஸ்திரேலியாவோட தெற்குப் பக்கம், பிப்ரவரி நியூசிலாந்து, அங்க கோடை. மார்ச் படகோனியா, இதுக்கப்புறம் போனா குளிர் வந்துடும், ட்ரெக்கிங் வழியெல்லாம் மூட ஆரம்பிச்சுடுவாங்க. ஏப்ரல் மே பொலிவியா, பெரு. பிப்ரவரியில பெரு போனா மச்சு பிச்சுவுக்கு நடந்து போற இன்கா ட்ரெயிலே மூடியிருக்கும், வருஷா வருஷம் அந்த மாசம் மூடுவாங்க, மழை கொட்டும். ஏப்ரல் கடைசியில இருந்து வானம் தெளியும், மச்சு பிச்சுவை மேகம் இல்லாம பாக்கலாம். ஜூன் அமெரிக்கா, ஜூலை ஆகஸ்ட் ஐரோப்பா, செப்டம்பர் தென் ஆப்பிரிக்கா, அது வறண்ட காலம், புல்லு குறைஞ்சு தண்ணி இருக்கிற இடத்துக்கு மிருகம் எல்லாம் வந்து நிக்கும், க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுல பாக்கிறதுக்கு நல்ல நேரம்.

ஆக உங்க மனைவி சொன்னதுதான் சரி, ஜப்பான் முதல்ல. நீங்க பசிபிக் தீவு ஏதாவது சேக்கிறதா இருந்தா மட்டும் யோசிங்க, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தென் பசிபிக்ல புயல் காலம்.

---

ஜன்னல்சீட்:

நெடுவழி, டிக்கெட் காட்டாததுக்கு காரணம் ஏர்லைன்ஸ் எல்லாம் கிட்டத்தட்ட 330ல இருந்து 360 நாள் முன்னாடிதான் சீட்டை விக்கத் திறக்கும். நீங்க ஜூலையில உட்கார்ந்து அடுத்த வருஷம் செப்டம்பருக்கு தேடுனா வராது. ஆர்டிடபிள்யூ எடுக்கிறவங்க என்ன பண்ணுவாங்கன்னா கிடைக்கிற கடைசி தேதியில சும்மா ஒரு சீட்டை போட்டு வச்சுட்டு, அப்புறம் உண்மையான தேதி திறந்ததும் மாத்திக்குவாங்க. தனித்தனியா எடுக்கிறவங்களுக்கு அந்த தலைவலியே இல்ல, கடைசி ரெண்டு மூணு ஃப்ளைட்டை தென் அமெரிக்காவுல இருந்துக்கிட்டே போடலாம்.

கார்மேகம் சொன்ன வரிசையைப் பாத்ததும் நானும் கொஞ்சம் மனசு மாறிட்டேன், எகானமின்னா தென் அமெரிக்காவுல ரெண்டு மூணு மாசம் இருக்கிறவங்களுக்கு கைப்பை சொல்றதுதான் பொருந்தும். ஆனா ஒரு விஷயம், அந்த கடல் தாண்டுற டிக்கெட்டுங்களை ஒவ்வொண்ணா ஒன்வேயா மட்டும் தேடாதீங்க, மல்டி சிட்டின்னு போட்டும் தேடுங்க. சில ஏர்லைன்ஸ்ல ஒன்வே விலை ரிட்டர்ன் விலையை விட கூட இருக்கும், பழைய மாதிரி விலை போடுற பெரிய ஏர்லைன்ஸ்ல இது இன்னும் உண்டு. உதாரணத்துக்கு லிமாவுல இருந்து நியூயார்க், நியூயார்க்ல இருந்து லிஸ்பன்னு ஒரே டிக்கெட்டா போட்டா தனித்தனியா வாங்குறதை விட குறையுதான்னு பாருங்க. ஒரு ஊர்ல 24 மணி நேரத்துக்கு உள்ள இருந்தா அது ட்ரான்ஸிட், தாண்டுனா ஸ்டாப்ஓவர், விலையும் வரியும் அதை வச்சு மாறும்.

அப்படி சேத்து வாங்குனீங்கன்னா ஒண்ணு கவனம்: வரிசையில எந்த ஃப்ளைட்டையும் விடக்கூடாது. நடுவுல ஒண்ணை ஏறாம விட்டா அதுக்கு பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடுவாங்க. பஸ்ல போயிட்டு அடுத்த ஊர்ல ஏறிக்கலாம்னு நினைச்சா நடக்காது, முன்னாடியே போன் பண்ணி மாத்தியிருக்கணும்.

---

முத்திரை:

எல்லாரும் விலையும் வானிலையும் பேசிட்டாங்க, விசாவை யாரும் தொடவே இல்லயே. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி உங்க பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு ஊர்லயும் என்ன விதின்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, வெறும் இறங்கி மாறுற ஊருக்கும் சேத்து. அமெரிக்காவுல ட்ரான்ஸிட்டுக்குன்னு தனி ஏரியா கிடையாது, லிமாவுல இருந்து மயாமி வழியா ஐரோப்பா போறவரா இருந்தாலும் அங்க இமிக்ரேஷன் தாண்டித்தான் போகணும், அதனால விசா தேவைப்படுற பாஸ்போர்ட்காரங்க ரெண்டு மணி நேர கனெக்ஷனுக்கும் விசா வச்சிருக்கணும். இது தெரியாம விலை கம்மியா இருக்குன்னு டிக்கெட் வாங்குறவங்க நிறைய. தனித்தனி டிக்கெட்ல போகும்போது வேற ஊர்லயும் இதே பிரச்சனை வரும், பையை எடுக்கணும்னா அந்த நாட்டுக்குள்ள நுழைஞ்சாகணும், நுழையணும்னா விசா வேணும். கைப்பை மட்டும் கொண்டு போறவங்களுக்கு சில ஏர்போர்ட்ல தப்பிக்க வழி உண்டு, எல்லா இடத்துலயும் இல்ல.

அடுத்தது, ஒன்வேயா போறவங்களை செக்-இன் கவுன்டர்லயே கேப்பாங்க, அந்த நாட்டுல இருந்து வெளிய போற டிக்கெட் எங்கன்னு. நியூசிலாந்துக்கு கட்டாயம் கேப்பாங்க, பெருவுக்கும் கேக்கலாம். கவுன்டர்ல இருக்கிறவங்க சும்மா மனசுக்குத் தோணி கேக்கல, டைமேடிக்னு ஐயாட்டா (ஏர்லைன்ஸோட உலக சங்கம்) வச்சிருக்கிற ஒரு டேட்டாபேஸ் இருக்கு, உங்க பாஸ்போர்ட் நாடு, போற நாடு, வழியில இறங்குற நாடு மூணையும் அடிச்சா என்ன வேணும்னு திரையில வரும். அதுல கேக்குறது இல்லாதவங்களை ஏத்திட்டுப் போனா அபராதம் ஏர்லைனுக்கு, திருப்பிக் கூட்டிட்டு வர்ற பொறுப்பும் அவங்களுக்கு, அதனால அவங்க விட மாட்டாங்க. உங்க திட்டத்துல நியூசிலாந்துல இருந்து சான்டியாகோ டிக்கெட் முன்னாடியே கையில இருக்கப் போகுது, அது பிரச்சனை இல்ல. தென் அமெரிக்காவுக்குள்ள போகும்போது மட்டும் லிமாவுல இருந்து வெளிய போற டிக்கெட் ஒண்ணை காட்ட ரெடியா வச்சிருங்க. பஸ் டிக்கெட் ஒத்துக்குவாங்களான்னு கவுன்டருக்கு கவுன்டர் மாறும், அதை நம்பி போகாதீங்க.

ஐரோப்பா: ஷெங்கன் நாடுங்க (ஒரே விசாவுல போய் வர்ற ஐரோப்பிய நாடுங்க) எல்லாம் சேத்து எந்த 180 நாள்லயும் 90 நாள்தான். ரெண்டு மாசம்னா நீங்க உள்ளதான் இருக்கீங்க, ஆனா விசா வாங்க வேண்டிய பாஸ்போர்ட்டா இருந்தா விசாவுல எத்தனை நாள் குடுத்திருக்காங்கங்கிறதுதான் கணக்கு. அதோட ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடி விண்ணப்பிக்க முடியாது, ஜூலையில போறதுக்கு அக்டோபர்லயே வாங்கிட்டு கிளம்ப முடியாது. வழியில எந்த நாட்டுல இருந்து விண்ணப்பிக்க விடுவாங்கன்னு இப்பவே விசாரிங்க, நிறைய தூதரகம் அந்த நாட்டுல குடியிருக்கிறவங்ககிட்டதான் வாங்கும். பதினோரு மாசம் திட்டம் போடுறவங்க பெரும்பாலும் இடிச்சுக்கிற இடம் இதுதான், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். பாஸ்போர்ட்டும் கடைசி நாட்டுல இருந்து வெளிய வர்ற தேதிக்கு அப்புறம் ஆறு மாசம் செல்லுபடியா இருக்கட்டும், வெத்துப் பக்கம் போதுமான்னு எண்ணிக்கங்க, தென் ஆப்பிரிக்கா பக்கம் கேட்டுப் பாப்பாங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இருக்கு. பெரு, பொலிவியா எல்லாம் அந்த நோய் பரவ வாய்ப்புள்ள நாடு பட்டியல்ல இருக்கு, அங்க போயிட்டு வந்தவங்ககிட்ட வேற நாடு சர்டிஃபிகேட் கேக்கும். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் சர்டிஃபிகேட் செல்லும், 2016 ஜூலையில இருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். கிளம்புறதுக்கு முன்னாடி போட்டுட்டு அந்த மஞ்சள் புத்தகத்தை பாஸ்போர்ட்டோடயே வச்சுக்கங்க.

---

கைப்பை:

முத்திரை அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி வச்சுக்கங்க நெடுவழி. நான் விட்டுப் போன ஒண்ணு, தேதிக்கோடு. நீங்க கிழக்கால போறீங்க, அதனால பசிபிக் தாண்டும்போது ஒரு நாள் திரும்பக் கிடைக்கும், ஆக்லாந்துல சாயங்காலம் ஏறி சான்டியாகோவுல அதே தேதி மத்தியானம் இறங்குவீங்க. ஹோட்டல் புக் பண்ணும்போது மறுநாள் தேதி போட்டுடாதீங்க, அன்னைக்கே ரூம் வேணும். மேற்கால போறவங்களுக்கு தலைகீழ், வெள்ளிக்கிழமை ராத்திரி லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஏறினா ஆக்லாந்துல ஞாயித்துக்கிழமை காலையில இறங்குவாங்க, சனிக்கிழமையே இருக்காது.

திசையைப் பத்தி கேட்டிருந்தீங்க. உடம்புக்கு மேற்கால போறது சுலபம், நம்ம உடம்போட கடிகாரம் 24 மணிக்கு கொஞ்சம் கூடவே ஓடும், அதனால நாள் நீளுறதை தாங்கிக்கும், குறையுறதைத்தான் தாங்காது. ஆனா நீங்க ஒவ்வொரு கண்டத்துலயும் மாசக்கணக்குல இருக்கப் போறீங்க, அந்த ரெண்டு மூணு நாள் தூக்கம் கெடுறதுக்காக சீசனை விட்டுடாதீங்க. கிழக்கால போனா காத்து பின்னாடி இருந்து தள்ளும், நியூயார்க்ல இருந்து லண்டன் ஏழு மணி நேரம்னா திரும்பி வர எட்டுக்கு மேல ஆகும்.

---

நெடுவழி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பெரிய பேப்பர்ல மாசத்தை மேல எழுதி ஊரைக் கீழ எழுதி பாத்தோம், கார்மேகம் குடுத்த வரிசை அப்படியே உட்கார்ந்துடுச்சு. அக்டோபர் கடைசியில ஜப்பான்ல ஆரம்பிக்கிறோம். இப்போதைக்கு வாங்கப் போறது மூணுதான்: ஜப்பானுக்கு ஒன்வே, பாங்காக்ல இருந்து சிட்னி, ஆக்லாந்துல இருந்து சான்டியாகோ. லிமாவுல இருந்து நியூயார்க், அங்கருந்து லிஸ்பன் ரெண்டையும் மல்டி சிட்டியா ஜனவரியில ஆஸ்திரேலியாவுல இருந்து போடலாம்னு இருக்கோம், முத்திரை சொன்ன விசா விவரம் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் அதைத் தொடுவோம். ஷெங்கன் விசாவை வழியில எங்க வாங்கலாம்னு விசாரிக்கிற வேலையை மனைவி எடுத்திருக்காங்க.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மாசக்கணக்குல முன்னாடி வாங்குற டிக்கெட்டை ஏர்லைன் நேரம் மாத்திட்டா நமக்கு எப்படி தெரியும்? அவங்க மெயில் அனுப்புவாங்களா?

---

ஜன்னல்சீட்:

அனுப்பணும், ஆனா அதை நம்பி உட்காராதீங்க. முன்னாடி வாங்குன டிக்கெட்ல நேரம் மாறாம இருக்கிறதுதான் அதிசயம். வாங்குன உடனே ரெண்டு நம்பரை தனியா எழுதி வைங்க. ஒண்ணு ஆறெழுத்து புக்கிங் நம்பர், இன்னொண்ணு 13 இலக்க இ-டிக்கெட் நம்பர், அதுல முதல் மூணு இலக்கம் டிக்கெட் அடிச்ச ஏர்லைனோட கோடு, க்வாண்டாஸ்னா 081, யுனைடெட்னா 016, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618. புக்கிங் நம்பர் இருந்து டிக்கெட் நம்பர் இல்லன்னா உங்களுக்கு சீட் ஒதுக்கியிருக்கு ஆனா டிக்கெட் அடிக்கலன்னு அர்த்தம், உடனே கேட்டுடுங்க. டிக்கெட் வித்தது ஒரு ஏர்லைன், ஓட்டுறது இன்னொரு ஏர்லைன்னா ஓட்டுறவங்ககிட்ட வேற ஆறெழுத்து நம்பர் இருக்கும், அதையும் கேட்டு வாங்கி அவங்க சைட்லயே போட்டுப் பாருங்க, சீட்டும் சாப்பாடும் அங்கதான் மாத்த முடியும்.

மாசம் ஒரு தடவை எல்லா புக்கிங்கையும் திறந்து பாத்துடுங்க. நேரம் மாறியிருந்தா சம்மதம்னு அழுத்துறதுக்கு முன்னாடி அடுத்த கனெக்ஷனோட, விசா தேதியோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஏன்னா பெரிய மாற்றமா இருந்தா பெரும்பாலான ஏர்லைன்ஸ் காசு வாங்காம வேற நாளுக்கு மாத்திக் குடுக்கும் இல்ல முழுப் பணமும் திருப்பித் தரும், சம்மதம் அழுத்திட்டா அந்த உரிமை போயிடும். மாத்தினதுக்கு அப்புறம் டிக்கெட்டை மறுபடி அடிச்சாங்களான்னு கேட்டு புது இ-டிக்கெட் ரசீதை மெயில்ல வாங்கிக்கங்க. திரையில புது நேரம் தெரியும், உள்ள டிக்கெட் பழைய நேரத்துலயே இருக்கும், அது ஏர்போர்ட்ல கவுன்டர்லதான் வெளிய வரும்.

அப்புறம் லிமா நியூயார்க் டிக்கெட்டுக்கு ஒரு வசதி இருக்கு. அமெரிக்காவுக்கு போற வர்ற ஃப்ளைட்டை ஏர்லைன்கிட்ட நேரடியா, கிளம்புறதுக்கு ஏழு நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி வாங்குனா 24 மணி நேரத்துக்குள்ள முழுப் பணத்தோட கேன்சல் பண்ணலாம், இல்ல பணம் கட்டாம 24 மணி நேரம் புடிச்சு வைக்கலாம், ஏதாவது ஒண்ணை ஏர்லைன் குடுத்தாகணும்ங்கிறது அவங்க நாட்டு விதி. நல்ல விலை கண்ணுல பட்டா வாங்கிட்டு அன்னைக்கு ராத்திரியே பேர் ஸ்பெல்லிங், தேதி, இறங்கி மாறுற ஏர்போர்ட் மூணையும் ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டை கையில வச்சு சரி பாத்துடுங்க.